அழுகண்ணிக்கு இட்ட எரு

எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, திருச்சியில் தாவரப் படிப்பை முடித்துவிட்டு வீட்டோடு இருந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. ஐப்பசியில் தன் கல்லூரி ஆசிரியையோடு கொல்லிமலை ஏறிவிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவோடு திரும்பினாள். பிஸ்கட்டை நம்பித் திறந்து ஏமாந்துபோனேன். உள்ளே ஈரப்பாசிக்கு நடுவில் காலணா அகலத்தில் மூன்று சிவப்புச் செடிகள். இலையெல்லாம் மயிர், மயிர் நுனிதோறும் ஒரு பசைத்துளி. பெயர் அழுகண்ணி. பசையில் ஒட்டும் பூச்சிதான் அதற்குச் சாப்பாடாம்.

மலைச்செடியைக் கீழ்நாட்டில் தை மாதம் வரை உயிரோடு வைத்திருந்து காட்டினால், கல்லூரித் தோட்டத்திலேயே அத்தைக்கு வேலை வாங்கித் தருவதாக அந்த ஆசிரியை சொல்லியிருந்தார். அதே சமயம் பள்ளிபாளையத்திலிருந்து பெண் கேட்டும் வந்துவிட்டார்கள். அப்பா தை வரைக்கும் பொறுக்கச் சொல்லியனுப்பினார். “செடி பொழச்சா காலேஜு, இல்லீனா கண்ணாலம்” என்று அம்மா கேலி செய்வாள். அத்தையும் சிரிப்பாள். ஆனால் காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் முதலில் போய்ப் பார்ப்பது அந்தச் செடிகளைத்தான்.

எங்கள் மோகனூர்த் தோட்டத்து மண் காவிரி வண்டல். குச்சியை ஊன்றினாலும் துளிர்க்கும் என்று அப்பா ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். அதில் ஒரு பிடிகூட வேண்டாம் என்றுவிட்டாள் அத்தை. ஆற்றுமணலை அள்ளிவந்து, கழுவின தண்ணீர் தெளிவாக ஓடும்வரை கழுவினாள். ஒரு சட்டியில் மணலோடு மலைப்பாசி, ஒன்றில் மணலோடு செங்கல்தூள், இன்னொன்றில் மணலோடு அலசிய அடுப்புக்கரி என்று கலந்து, எதில் எவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று அதுவும் தள்ளுபடி. ஓட்டிலிருந்து வடியும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்தாள்.

“ஏனம்மிணி, நம்ம மண்ணு அத்தன மட்டமாப் போச்சா?” என்றார் அப்பா. நிஜமாகவே அவருக்கு ரோஷம்.

“மட்டமில்லீங்கண்ணா, கொழுப்பு. இதுக்குச் சத்தே ஆகாது. எரு பட்டா வேரு வெந்துரும்.”

சத்தில்லாத மண்ணைத் தேடி அலைகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டு போனார்.

கார்த்திகையில் அத்தை ஒரு கல்யாணத்துக்காகத் திருச்செங்கோடு போக வேண்டி வந்தது. நாலு நாள். மழைத்தண்ணீரைத் தவிர வேறொன்றும் காட்டக்கூடாது என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். எனக்கோ அந்த வெறும் மணலைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. நாங்கள் எருவுக்கு ஆட்டுப்பட்டி போடாமல் ஒரு வயலை உழுததில்லை. இந்தச் சின்னதுகளைப் பட்டினி போட்டு அத்தை தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்கிறாளே என்று பதறினேன். ஆட்டுப்புழுக்கையைக் கல்லில் நுணுக்கி, ஆளுக்கு ஒரு சிட்டிகை மணலுக்குள் புதைத்து வைத்தேன். அவள் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

நான் ஒருத்திதான் செய்தேன் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அதே நாலு நாளில் அம்மா அரிசி கழுவின கழனித்தண்ணீரில் தவிடு கரைத்து ஊற்றியிருக்கிறாள். அப்பா வாய்க்கால் வண்டலை உருட்டிச் சட்டியோரம் அமுக்கியிருக்கிறார். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். அத்தைக்குக் கல்யாண மாலை விழுந்தபிறகு ஒருநாள் அம்மா என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

அத்தை திரும்பி வந்த ஒரு வாரத்தில் துளிகள் வற்றின. பிறகு இலைகள் கறுத்தன. மூன்றும் போயின. துணி துவைக்கிற கல்லின்மேல் அவள் சட்டிகளைக் கவிழ்த்து மணலைக் கையால் கிளறினாள். வெகுநேரம் கிளறினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

“பள்ளிபாளையத்துக்குச் சொல்லி உட்ருங்கண்ணா” என்றாள்.

அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு, நானே தலை நரைத்தவளாகப் பள்ளிபாளையம் போயிருந்தபோதுதான் இந்தப் பேச்சு வந்தது. நான்தான் எடுத்தேன். அத்தை சாவகாசமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“புழுக்கை, தவுடு, வண்டலு. மூணையும் அன்னைக்கே பாத்துட்டேன் சாமி. நான் வேலைக்குப் போறது ஊட்டுல ஒருத்தருக்கும் புடிக்கல, வாயில சொல்ல மாட்டாம இப்படிச் சொல்றீங்கன்னு எடுத்துக்கிட்டேன்.”

“ஐயோ அத்தை, பசிக்குமேன்னு போட்டமுங்க. நீங்க போவோணும்னுதான்.”

கீரைக்காம்பு அவள் விரலிடையில் அப்படியே நின்றது. “அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

சொல்லியிருக்கலாம். அந்தத் துவைக்கிற கல்லடியில் அவள் எங்கள் முகங்களில் தேடியது அந்த ஒரு வார்த்தையைத்தான் என்று ஒன்பது வயதுக்கு விளங்கவில்லை. நல்லவேளை, அத்தை கண்டுபிடிக்கவில்லை என்று சந்தோஷமாக விளையாட ஓடிவிட்டேன்.