கோபுர வாசல் காற்றை நம்பிய கடை

அன்று தென்காசிக் கோபுர வாசலில் நின்றவர்கள் நான்கு பேர்: முதலாளி, அவர் மனைவி, வட்டிக்குப் பணம் தரும் அண்ணாச்சி, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் பல வருடமாக முதலாளி கடையில் வடை போட்டுக்கொண்டிருந்த நான். வைகாசி கடைசி. மலைப்பக்கக் காற்று அந்த வாசலில் ஆளையே தள்ளும். ஆண்டுதோறும் முதலாளி அங்கே நின்று பார்த்துவிட்டுத்தான் குற்றாலத்தில் சீசன் கடைக்கு இடம் பேசுவார். வேட்டி படபடத்தால் சாரல் உண்டு, சாரல் இருந்தால் கூட்டம் உண்டு என்பது அவர் கணக்கு. அன்று வேட்டியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

"பாத்தியாலே! இந்த வருசம் அருவிக்குப் பக்கத்துலயே பெரிய கடையா எடுத்துருவோம்" என்றார்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் பல ஆண்டுகள் திட்டு வாங்கியவர் அவர். இனி ஒருவன் முன்னால் கைகட்டி நிற்கக் கூடாது என்றுதான் கடை போட்டார். பணத்தாசையைவிட அந்த ரோஷம்தான் அவரிடம் பெரிதாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. "இங்கன எந்த ஃபேக்டரியும் வராதுலே. மலைதான் நமக்குக் கம்பெனி. மூணு மாசம் சம்பளம் போடும்" என்பார்.

"உங்க கம்பெனி லீவு விட்டா யாருகிட்ட போயி கேப்பிய?" என்றார் அவர் மனைவி.

வட்டிக்கார அண்ணாச்சி சிரித்தார். சிரித்தபடியே, அந்தக் கடைக்குத் தரும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்று என்னைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லப் பயந்து, கையெழுத்துப் போட்டேன்.

காற்று பொய் சொல்லவில்லை. மழை வந்தது, அளவுக்கு மேல் வந்தது. அருவி செந்நிறமாகிப் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தது. குளிக்கத் தடை போட்டார்கள். தடை நீங்கும், மறுநாளே திரும்ப வரும். வந்த கார்கள் பாதி வழியில் திரும்பின. சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, வாங்க ஆளில்லை. காற்று வராமல் போய்விடுமோ என்றே இத்தனை ஆண்டும் பயந்தோம். கூடுதலாக வந்தால் என்ன ஆகும் என்று, எதற்கும் பயப்படுகிற நான்கூட நினைக்கவில்லை. சிறுவயதிலிருந்து கேட்ட அருவி இரைச்சல் அந்த ஆடியில்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

ஆவணியில் கடையைப் பிரித்தோம். வட்டிக்கார அண்ணாச்சி இப்போது மாதம் தவறாமல் என் வீட்டுக்கு வருகிறார். அதட்டுவதில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சுவரை விரலால் தட்டிப் பார்க்கிறார். "வீட்டைக் கெட்டியாத்தான் கட்டிருக்கிய தம்பி" என்கிறார்.

மறுபடியும் வைகாசி வந்துவிட்டது. நேற்று முதலாளி பைக்கில் வந்தார். பைக்கை நிறுத்துவதற்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஏலே, கோபுர வாசல்ல காத்து என்னமா அடிக்குது தெரியுமா! அஞ்சருவிப் பக்கம் ஒரு இடம் பேசிட்டு வாரேன்."

"முதலாளி, பழைய கடன்?"

"சீசன் முடியட்டும், தூக்கிப் போட்டுருவோம்லே."

அசலும் வட்டியும் சேர்த்து இன்னும் நிற்பது இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய்.