வலது கால் மட்டும்

பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில் குளோரியா பாடி முடித்ததும் கோயில் மணி ஓய்ந்துவிடும். பிறகு சனிக்கிழமை பூசைவரை மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஆண்டவர் பாடுபடப் போகிறார், அதனால் மணிக்கும் வாயடைத்துவிட்டது என்று என் அம்மா சொல்லுவாள். அறுபதுகளில் தாராவியில் ஒரு பெரிய வியாழன் எனக்கும் அப்படி வாயடைத்தது. நான் செய்த காரியத்தால் என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விடும் போலிருந்தது.

அவர் தோல் கிடங்கில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். முடி கழன்று வரும்வரை தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு, உள்ளே இறங்கிப் புரட்ட வேண்டும். நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கிய வாரத்தில் அவருடைய இடது பாதத்தைச் சுண்ணாம்பு தின்று புண்ணாக்கிவிட்டது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசி, துணி சுற்றி, மேலே சாக்கைக் கட்டிக்கொண்டு போவார். கிடங்கு மேஸ்திரிக்குத் தெரியக் கூடாது. காலில் புண் இருக்கிறவன் குழியில் இறங்கக் கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம். முந்தின மழைக்காலத்தில் அப்படி ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார். புண் ஆறித் திரும்பி வந்தால், அவருடைய இடத்தில் வேறு ஆள் நின்றான். அந்த ஆள் குடும்பத்தோடு ஊருக்கு ரயிலேறிவிட்டார். எங்களுக்குக் கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒன்று.

குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் கோயில் உபதேசியார் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“பாதங் கழுவுறதுக்குப் பன்னெண்டு பேர்ல ஒரு ஆளு கொறையுது தாயீ. ஒங்க வீட்டுக்காரர் பேர எழுதிக்கிடவா?”

ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல், பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதத்தைக் கழுவுவார். வெளி ஆண்களிடம் நான் வாய் திறக்கிறவள் இல்லை. அன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. குழாயடியில் என்னைக் கண்டால் சில பெண்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். “தோல் வாசம் வந்துட்டு” என்று சிரிப்பார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்கார்ந்தவர் வீட்டுக்குக் கோயிலிலிருந்து மந்திரித்த ரொட்டி வரும், அதை அக்கம்பக்கத்தாருக்குப் பிட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்த ரொட்டியை நான் குழாயடியில் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வீட்டுக்காரருக்குப் புதன்கிழமைதான் தெரிந்தது. சோற்றுத் தட்டை அப்படியே தள்ளிவைத்தார்.

“ஏட்டி, எங் காலப் பாத்துக்கிட்டேயா பேரக் குடுத்த? மேஸ்திரி எம் பக்கத்து நாற்காலில உக்காருதாரு, தெரியுமா?”

“புண்ணு எடது கால்லதான? சாமியார் கழுவுறது வலது கால மட்டுந்தான.”

“நெசமாவா?”

“சின்னப்பிள்ளையில இருந்து பாக்கேன். எங்க ஊர்ல அப்படித்தான்.”

அவர் ஊரில் வேதக் கோயில் கிடையாது, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவர். வேதக் காரியத்தில் என் சொல்லை அப்படியே நம்புவார். தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை புது வெள்ளைத் துணி சுற்றி, வேட்டியைத் தரை தொடும்படி இறக்கிக் கட்டிக்கொண்டு போனார். ஒன்பதாவது நாற்காலியில் அவர். பத்தாவதில் மேஸ்திரி. பெண்கள் பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்து நான். புனிதர்களின் சுரூபங்கள் எல்லாம் ஊதாத் துணி மூடி நின்றன. சாமியார் கொங்கணிக்காரர், எங்கள் கோயிலுக்குப் புதுசு. முதல் ஆளின் முன் மண்டியிட்டு வலது காலைக் கழுவினார், துடைத்தார், உதடு வைத்து முத்தி செய்தார். நான் மூச்சு விட்டேன்.

உடனே இடது காலுக்குக் கை நீட்டினார்.

இரண்டாம் ஆளுக்கும் இரண்டு கால். மூன்றாம் ஆளுக்கும் இரண்டு கால். என் வீட்டுக்காரர் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தார். நான் முக்காட்டை இழுத்துக் குனிந்துகொண்டேன். ஆறாவது ஆளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது மடியிலிருந்த பிள்ளையின் தொடையைக் கிள்ளினேன். அது வீரிட்டது. பிள்ளை அழுதால் அவர் எழுந்து வந்துவிடுவார், இருவரும் வெளியே போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். பக்கத்துப் பெண்கள் முறைத்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. அந்தக் கிள்ளலைப் பின்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.

ஒன்பதாவது ஆள். வலது காலைக் கொடுத்தார். இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். சாமியார் கையை நீட்டியபடியே இருந்தார். கோயில் முழுக்கப் பார்த்தது. ஆண்டவர் கழுவ வந்தபோது இராயப்பர்கூட முதலில் என் காலைக் கழுவ விடமாட்டேன் என்றுதானே சொன்னார். ஆனால் இராயப்பருக்குப் பக்கத்தில் மேஸ்திரி உட்கார்ந்திருக்கவில்லை.

மேஸ்திரி தலையைத் திருப்பாமல், “காலக் குடுல” என்றாராம்.

என் வீட்டுக்காரர் குனிந்து, தாமே துணியை அவிழ்த்தார். சாமியார் புண்ணைப் பார்த்தார். தேய்க்காமல், தண்ணீரை மட்டும் மெதுவாக ஊற்றி, துண்டால் ஒற்றி எடுத்தார். பிறகு புண்ணுக்குப் பக்கத்தில் முத்தி செய்தார். அடுத்து மேஸ்திரி, கேட்பதற்கு முன்பே இரண்டு காலையும் முன்னே வைத்தார். இரண்டு விரலில் நகம் கிடையாதாம், விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்ற பழைய வெள்ளைத் தழும்பாம். அது எனக்குத் தூரத்தில் தெரியவில்லை, வீட்டுக்காரர் பிறகு சொன்னது.

பூசை முடிந்து வாசலில் மேஸ்திரி எங்களுக்காக நின்றார்.

“எத்தன நாளா?”

“ஆறு வாரமா…”

“ஆறு வாரமா எங் கண்ணுல மண்ணத் தூவியிருக்க. இனி குழிப் பக்கம் வந்தன்னா நானே காலப் புடிச்சு வெளிய இழுத்துப் போடுவேன்.”

எனக்கு எப்படி வாய் வந்ததோ, “அவுக மேல தப்பில்ல. பேரக் குடுத்தது நாந்தான்” என்றேன்.

“பேரக் குடுத்ததாம்மா குத்தம்? மறைச்சதுதான் குத்தம்.” வீட்டுக்காரரைப் பார்த்து, “தோல் காயப்போடுற கொட்டாயில வந்து நில்லு. கூலி கொறச்சல்தான்” என்றார்.

“எங் குழி?”

“அத இப்பக் கேக்காத.”

மறுநாள் பெரிய வெள்ளி. சிலுவைப்பாதையில் பதினான்கு தலத்துக்கும் துணி சுற்றாமல் நொண்டி நடந்தார். என்னோடு பேசவில்லை. சனிக்கிழமை காலையில்தான் கோயிலில் கொடுத்த ரொட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

“இதுக்குத்தான பேரக் குடுத்த? போ, குழாயடியில போய்க் குடு.”

கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். நான் நினைத்த சந்தோஷம் வரவில்லை.

புண் ஆற மழைக்காலம் ஆகிவிட்டது. குழியில் வேறு ஆள் வந்தாயிற்று. அவர் குறைந்த கூலிக்குக் கொட்டகையிலேயே இருந்துவிட்டார், கால் தப்பியது. தாழ்ச்சி என்று பிரசங்கத்தில் சொல்லும்போது, அது குனிந்து கழுவுகிறவருக்கு மட்டும் வேண்டியது என்று நினைத்திருந்தேன். காலை நீட்டுகிறவருக்கும் வேண்டியிருக்கிறது.

அதன் பிறகு ஒவ்வொரு பெரிய வியாழனும் கோயிலுக்குக் கிளம்புமுன் அவர் வாசலில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டுவார்.

“ஏட்டி, ஒங்க ஊர் வழக்கமா, இந்த ஊர் வழக்கமா?”

நான் இரண்டு காலுக்கும் தண்ணீர் ஊற்றுவேன்.