எடை எழுதிய கொடிகள்

வட ஜேர்மனியில் ஓர் அருங்காட்சியகத்தில், இரண்டாம் உலக யுத்தகால நீர்மூழ்கிக் கப்பலொன்றின் சின்னக் கொடிகள் தொங்கின. அது மூழ்கடித்த சரக்குக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி. அதில் கப்பலின் எடை மட்டும்.

“வடிவா இருக்கப்பா,” என்றாள் மகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த யுத்தத்தில் அப்படி மூழ்கிய கப்பலொன்றில் என் பெரியப்பா சமையல்காரர். உடல் வராததால் பெரியம்மா பொட்டை அழிக்கவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது, யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடுகளில், வாழைப்பழத் துண்டுகளில் நெய்த்திரி மணக்க, அவர் ஆராத்தித் தட்டைத் தூக்குவார்.

“அக்கா, நீங்கள் பின்னுக்கு நில்லுங்கோ,” என்று யாராவது அதை வாங்கிவிடுவார்கள்.

“அவர் செத்ததை ஆர் கண்டது?” என்று சாகும்வரை கேட்டார் பெரியம்மா.

கண்டிருக்கிறார்கள். கண்டு, எடை பார்த்து, கொடியும் தைத்திருக்கிறார்கள்.