படையலுக்கு முன் ஒரு வாய்

ஆமியில் இருந்தேன் என்று சொன்னால் ஆட்கள் என் கையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்தக் கை பிடித்ததெல்லாம் கரண்டி. துப்பாக்கியை இராணுவப் பயிற்சியில் தொட்டதோடு சரி. ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அதனால் வடக்கே ஒரு முகாம் சமையலறையில் வேலை கிடைத்தது. கடைவீதியில் ‘ரணவிரு’, போர் வீரன், என்று கும்பிடுகிறவர்களுக்கு நான் வெறும் கோக்கி, சமையல்காரன், என்று தெரிந்ததும் முகம் சுருங்கிவிடும். தோட்டத்து லயத்து வீடுகளிலோ இன்றுவரை நான் ஆமிக்காரன். இரண்டு பக்கமும் விளக்கம் சொல்லி வாய் வலித்துவிட்டது. இப்போது சொல்வதில்லை.

போன மாதம் என் மனைவிக்குக் கருமாதி. சமைக்க லயத்து ஆம்பிளைகள் வருவதுதான் வழக்கம். வேண்டாம் என்று நானே அடுப்பு மூட்டினேன். அவளுக்குச் செய்ய இனி வேறொன்றும் இல்லை, இது ஒன்றாவது குறையில்லாமல் நடக்கட்டும் என்று கிடந்து தவித்தேன். முகாம் சமையலறையின் ஈரச் சிமெந்தில் நின்று நின்று கெட்டுப்போன முழங்கால்கள். சோறு, பருப்பு, அவளுக்குப் பிடித்த பலாப்பிஞ்சுக் கறி எல்லாம் இறக்குவதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது.

இறக்கிய கையோடு, எல்லார் முன்னாலும் நின்று, ஒவ்வொரு சட்டியிலும் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டேன்.

செத்தவளுக்குப் படைக்கும் முன் அந்தச் சோற்றை யாரும் வாயில் வைக்கக் கூடாது. உப்புப் பார்ப்பதுகூட இல்லை. வாசலில் பேச்சு நின்றுபோனபோதுதான் எனக்கு உறைத்தது.

“என்ன மச்சான் பண்ணுறீங்க? எச்சிப்படுத்திட்டீங்களே!” மனைவியின் தம்பி கத்தினான். “அக்காவுக்கு இதையா படைக்கிறது? கொட்டிட்டு மறுபடி ஆக்குங்க.”

மறுபடியா? எனக்கு உட்காரத்தான் தோன்றியது. உட்கார்ந்துவிட்டேன்.

“பழகிப்போச்சுப்பா,” என்றேன். “கேம்ப் குசினியில நா ஒருத்தன்தான் தமிழன். சோத்துல என்னத்தையாவது கலந்துடுவேன்னு ஒரு சார்ஜனுக்குப் பயம். எல்லாரும் பாக்க நாந்தான் மொதல்ல திங்கணும். எனக்கு ஒண்ணும் ஆகலன்னு பாத்துட்டுத்தான் அவங்க தட்டத் தூக்குவாங்க. அந்த ஆளு வேற கேம்புக்கு மாறிப் போனப்பறமும் பழக்கம் போகல.”

இதை நான் அவளிடம்கூடச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. அந்த முதல் வாய் எனக்கு ஒருநாளும் ருசித்ததில்லை.

மைத்துனன் சட்டிகளைத் தொடவில்லை. அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. முறை என்று ஒன்று இருக்கிறதே.

மகள்தான் வாழையிலையோடு வெளியே வந்தாள். “மாமா, அம்மா என்னைக்காவது அப்பாவுக்கு முந்திச் சாப்பிட்டிருக்காங்களா? அப்பா சாப்பிட்ட தட்டுலதானே போட்டுச் சாப்பிடுவாங்க. இன்னைக்கு மட்டும் கோவிச்சுக்குவாங்களா?”

இலையை அம்மா படத்துக்கு முன்னால் போட்டாள். மைத்துனன் சோற்றுச் சட்டியைத் தூக்கி வந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

“நீங்களே போடுங்க மச்சான்,” என்றான்.

போட்டேன். நான் சாகிறேனா என்று பார்க்கக் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். நான் சாப்பிடட்டும் என்று காத்திருந்தவள் இவள் ஒருத்திதான்.