குதிரையின் கன்னத்தில் கரிப்புள்ளி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அப்படிப்பட்டவளைப் பிடித்து, மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்தெருவில் இருந்த சிறிய பெண்கள் பள்ளியில் குழந்தைகள் வகுப்புக்கு டீச்சராகப் போட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. காலையில் பாதிப் பிள்ளைகள் மூக்கொழுக அழுதுகொண்டே வரும். ஏன் அழுகிறாய் என்று கேட்டால் அழுகை இன்னும் ஓங்கும். கேட்பதையே விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாகக் கொட்டாங்கச்சிகளில் வண்ணம் குழைத்து வைத்தேன். மஞ்சள், காவி, கோவை இலைச் சாறு, சலவை நீலம், அடுப்புக்கரி. வந்ததும் விரலைத் தோய்த்து, மனசில் இருப்பதைக் காகிதத்தில் தேய்த்துவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. காகிதம் என்றால் ஜவுளிக்கடையில் துணி சுற்றித் தரும் பழுப்புக் காகிதம்தான். யாருக்கும் பெயர் படிக்கத் தெரியாது என்பதால், தினமும் தாளின் மூலையில் அவரவருக்கு ஓர் அடையாளம் வரைந்து கொடுப்பேன்; ஒருத்திக்குக் கிளி, ஒருத்திக்கு மாங்காய். சண்டைக்காரி ஒருத்தி தாள் முழுக்கக் காவியை அப்பிவிட்டு, அண்ணாவை அடித்தாயிற்று என்று சொல்லிச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டாள். அந்த அண்ணா அப்போது வீட்டில் நிம்மதியாக இட்லி தின்றுகொண்டிருந்திருப்பான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜட்கா குதிரை வண்டிக்காரர் ஒருவரின் மகள் மட்டும், சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. அவளுக்கு நான் வரைந்து கொடுக்கும் அடையாளம் குதிரை. கரியைத் தொட்டு அந்தக் குதிரையின் கன்னத்தில் ஒரு புள்ளி வைப்பாள், அதோடு சரி. மற்ற வண்ணங்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். வீட்டில் ஏதோ பெருந்துயரம் என்று நானே முடிவுகட்டி, இடைவேளையில் என் பங்கு முறுக்கையெல்லாம் அவளுக்குக் கொடுத்து வந்தேன். அவளும் மறுக்காமல் தின்றாள்.

தலைமையாசிரியை அம்மாளுக்கு இந்தப் பொறுமை கிடையாது. தீபாவளிக்குள் அந்தப் பெண் பேசாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டார்.

போதாக்குறைக்கு ஒரு வெள்ளிக்கிழமை, கிளி அடையாளக்காரி தன் அம்மாவை மஞ்சளால் வரைந்திருந்தாள். வண்டிக்காரர் மகள் எழுந்து போய் அந்த அம்மாவின் கன்னத்திலும் கரிப்புள்ளி வைத்துவிட்டாள். தாள் வீட்டுக்குப் போனது. திங்கட்கிழமை காலை அந்த அம்மாளே நேரில் வந்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என் மூஞ்சில கரியைத் தடவி ஆத்துக்கு அனுப்பியிருக்கேளே."

தலைமையாசிரியை உடனே வண்டிக்காரரைக் கூப்பிட்டனுப்பி, மகளை அழைத்துப் போகச் சொன்னார். அவர் சாட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு திகைத்து நின்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. வீட்டில் என்ன கஷ்டம், அதையாவது சொல்லுங்கள் என்று அவரிடமே சீறினேன்.

"ஊட்ல இன்னா கஷ்டம் டீச்சரம்மா? ஆம்பளப் புள்ள பொறந்துகீது. இந்தப் பொண்ணு வாயத்தான் ஊட்ல மூட முடியல."

இவளா என்று நான் வாயைப் பிளந்து நிற்கும்போதே, அவள் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா, கண்ணு பட்டுடும்னு பாப்பாக்கு அம்மா மை வெக்குதுல்ல? இந்த அம்மாவும் அயகா கீது. அதான் வெச்சேன்."

சண்டைக்கு வந்த அம்மாளின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. முதலில் சிரித்தவர் அவர்தான். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பேசிவிட்டாளே, அப்புறம் என்ன, வகுப்புக்கு அழைத்துப் போ என்றார்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் அவசரத்தில் கிறுக்கிய குதிரைகளுக்கெல்லாம் கண் பட்டுவிடாமல் இத்தனை நாளும் காத்து வந்திருக்கிறாள். என் படத்தை அதற்கு முன் யாரும் அவ்வளவு மெச்சியதில்லை.

மறுநாள் ஆசை ஆசையாக, பிடரி, சேணம், குஞ்சலம் எல்லாம் வைத்து ஒரு பெரிய குதிரை வரைந்து கொடுத்தேன். கரியில் விரலைத் தோய்த்தவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கி நல்லா இல்ல டீச்சர்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முறுக்கு கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. வேறு தாள் எடுத்து, பழைய கிறுக்கல் குதிரையையே வரைந்து நீட்டினேன். சிரித்துக்கொண்டே புள்ளி வைத்தாள்.