தக்காளி வண்டிக்கு அடியில் கேட்ட சத்தம்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவள், செத்துப்போன வெள்ளைக்கார துரை குதிரையில் போவதைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்வாள். தங்கம் தீர்ந்துபோன சேதி துரைக்கு யாரும் சொல்லலியா, இன்னாத்துக்கு இன்னும் சுத்துறாரு என்று கேட்டு அவள் வாயை அடைத்தவள் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. சிரித்துவிட்டு முழுசாகக் கேளுங்கள், அது போதும்.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். என் வீட்டுக்காரருக்கு அப்போது அண்டர்கிரவுண்டில் வேலை, பாறை சரியாமல் மரம் வைத்து முட்டுக் கொடுக்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தமங்களாவில் என் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அவர் மொபெட் ஓட்ட, பின்னால் நான் சீர்ப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில், பட்டப்பகல். எங்களுக்கு முன்னால் தக்காளி ஏற்றிய டெம்போ ஒன்று போய்க்கொண்டிருந்தது. திருப்பத்தில் எருமை ஒன்று குறுக்கே வர, டிரைவர் ஒடித்துத் திருப்ப, கண் மூடித் திறப்பதற்குள் வண்டி பள்ளத்தில் குப்புறக் கிடந்தது.

ஓடினோம். ரோடு முழுக்கத் தக்காளி, எது ரத்தம் எது தக்காளி என்றே தெரியவில்லை, கால் வழுக்குகிறது. டிரைவரைக் கண்ணாடி வழியாக இழுத்தோம், அவர் கால் முறிந்திருந்தது. லோடு ஆள் ஒருவன் தூக்கி எறியப்பட்டு மண்டை உடைந்து மயங்கிக் கிடந்தான். சீர்ப் புடவையைக் கிழித்துத்தான் அவன் தலையைக் கட்டினேன். தங்கை கோபித்துக்கொள்வாளே என்று ஒரு நினைப்பு அப்போதும் வந்தது, மனசு அப்படித்தான்.

"வேற யார்னா கீறாங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நாங்க ரெண்டே பேருதாங்க," என்றார் டிரைவர்.

நல்லவேளையாக ஒரு லாரி வந்தது. இருவரையும் ஏற்றினோம். லோடு ஆளின் தலையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இவரும் ஏறப் போனார். ஒரு காலை மேலே வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எனக்கும் கேட்டது. கவிழ்ந்த டெம்போவிலிருந்து மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி, இரண்டு.

இதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தில் பாறை வெடித்து ஆட்கள் மாட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவர்கள் காற்றுக் குழாயைக் கல்லால் தட்டுவார்கள். வெளியே இருப்பவன் அதே கணக்கில் திருப்பித் தட்ட வேண்டும். பதில் தட்டிவிட்டால், உள்ளே இருப்பவனை உயிரோடோ பொணமாகவோ எடுக்கிறவரை தட்டியவன் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. எந்தச் சட்டத்திலும் இல்லாத பழக்கம், ஆனால் மீறினவனை நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் லைனில் சின்னப் பிள்ளைகள்கூட இந்த மூன்றும் இரண்டும் தட்டி விளையாட மாட்டார்கள், விளையாடினால் முதுகில் விழும்.

இவர் இறங்கி, கீழே கிடந்த ஜாக்கி ராடை எடுத்து வண்டியின் அடிச்சட்டத்தில் தட்டினார். மூன்று, இரண்டு. உடனே பதில் வந்தது.

"கீழ ஆள் கீது," என்றார். முகம் வெளுத்திருந்தது.

அதற்குள் அடிபட்ட இருவரோடும் லாரி போய்விட்டது. பின்னால் வந்த பஸ்ஸை நான் நடுரோட்டில் நின்று மறித்தேன். வண்டியில் ரெண்டே பேர்தான் என்று டிரைவர் சொன்னதையும் நான் சொல்லிவிட, அப்புறம் என்ன என்று கண்டக்டர் இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் பஸ் முழுக்க இறங்கி வந்தது. எல்லோருமாகப் பிடித்து வண்டியைச் சாய்த்தோம். கூடைகளுக்கு அடியில் ஒரு பெண், இருபது வயசு இருக்கும். மூச்சு இருந்தது. ஏரிக்கரையில் டிரைவர் டீ குடித்த நேரத்தில் லோடு ஆள் ஏற்றிக்கொண்ட பெண்ணாம், பின்னால் தெரிந்தது. இவரே அவளைக் கையில் ஏந்தி பஸ்ஸில் ஏற்றி, ஆஸ்பத்திரிவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அவளுடைய இரண்டு கையும் தோளிலிருந்து முறிந்திருந்தது, விழுந்தபோதே நினைவு போயிருக்கும் என்றார் டாக்டர். அப்படியானால் தட்டியது யார் என்று நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் பார்க்கப் போனோம். பூதிகோட்டைப் பக்கத்துப் பெண், விவசாயக் கூலி, சுரங்கத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. தெலுங்கு கலந்த தமிழில் எங்களிடம் முதலில் கேட்டது இதுதான்.

"என் பக்கத்துல இருந்தவரை எடுத்துட்டீங்களா?"

"யாரை மா?" என்றேன்.

"இருட்டு, மூஞ்சி தெரியலை. அவருதான் தட்டினே இருந்தாரு. பதில் வந்துட்சி, இனிமே நம்மள வுட்டுப் போமாட்டாங்கன்னு சொன்னாரு."

இவர் எழுந்து வெளியே போனார். நேராக அந்தத் திருப்பத்துக்குப் போய் கடப்பாரையால் பள்ளத்தைத் தோண்டியிருக்கிறார். இருட்டிய பிறகு மண்ணும் அழுகின தக்காளியுமாக வந்து நின்றார்.

"நான் பதில் தட்டினேன் டி. தட்டிட்டு வந்துட்டேன்," என்றார்.

ஒரு உயிரைக் காப்பாற்றத்தானே வந்தீங்க என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கத்தில் தட்டுகிறார். கட்டில் சட்டத்தில் விரலை மடக்கி மூன்று, நிறுத்தி இரண்டு. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி. அப்புறம் மறுபடி தட்டுவார். சுரங்கம் மூடியாகிவிட்டது, தலை நரைத்துவிட்டது, அது மட்டும் நிற்கவில்லை.

இந்தச் சத்தம் வேண்டாம் என்று போன வருஷம் கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் பாய் போட்டேன். அங்கேதான் தப்பு செய்துவிட்டேன். கட்டில் இருந்தவரை எனக்கு இவர் தட்டுவது மட்டும்தான் கேட்டது.

போன வாரம் இவர் பங்காருபேட்டைக்குப் போயிருந்தார். மத்தியானம் வீட்டில் நான் ஒருத்திதான், பாயில் சாய்ந்திருந்தேன். காதுக்கு நேர் கீழே, தரைக்கு அடியிலிருந்து வந்தது. மூன்று, நிறுத்தி இரண்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். ரொம்பப் பொறுமையாக.

என் விரல் தானாக மடங்கித் தரைவரை போய்விட்டது. மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இவர் வருகிறவரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். நான் பதில் தட்டவில்லை. இதுவரை தட்டவில்லை.