ஆறு பேருக்கு ஒரு சஹன்

கடற்புல் பற்றிப் படிக்க, நாற்பத்தைந்து வயதில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் கற்பிட்டிக்குப் போனேன். வகுப்புத் தோழன் வீட்டுக் கல்யாணத்தில், சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்தோம். தனி இலையிலேயே சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அடுத்தவர் சோற்றில் விரல் பட்டால் மானம் போய்விடுமே!

களப்பு என்ற கடற்கழியின் காற்றில் பந்தல் மெல்ல உப்பி அடங்க, எல்லாமே கனவுபோல மிதந்தது. நான் மட்டும் என் முன்னால் சோற்றைத் தோண்டித் தோண்டி ஒரு கிணறே வெட்டியிருந்தேன். நாலு பக்கமிருந்தும் கோழித் துண்டுகள் அதற்குள் வந்து விழுந்தன. மிச்சம் வைத்தால் மரியாதையில்லை என்று பயந்து அத்தனையையும் விழுங்கினேன்.

"நானா, நல்ல துண்டைப் பக்கத்தாளுக்குத் தள்ளுறதுதான் எங்கட வழக்கம்," என்றான் தோழன்; அங்கே அண்ணனை 'நானா' என்றுதான் அழைப்பார்கள். "நீங்களும் ஒண்டு தள்ளுங்களேன். இல்லாட்டி மாப்பிள்ளைக்கும் மிஞ்சாது!"

ஒரு துண்டை அவன் பக்கம் தள்ளினேன். எடுத்துத் தின்றான். அப்போதுதான் எனக்குச் சோற்றின் ருசி தெரிந்தது, வயிற்றில்தான் இடமில்லை.